பதினான்கு அங்குலம் சரி, பாரம் சரியா?

கேள்வி: வணக்கம் அண்ணன். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், வயது 34. 1996ஆம் ஆண்டு ஜப்பான் டீசல் வேன் ஒன்று வைத்திருக்கிறேன். கிழமை நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு ஓடுகிறேன். சனி, ஞாயிறில் ஹயர். கொழும்பு, கதிர்காமம் என்று போவேன். கதவோர ஸ்டிக்கரில் 185 ஆர் 14, 8 பிஆர் என்று இருக்கிறது. முன் டயர் இரண்டும் ஓரத்தில் தேய்ந்துவிட்டன. பின் டயர் இரண்டிலும் பள்ளம் நன்றாக இருக்கிறது, ஆனால் அவை ஐந்து வருடத்துக்கு முன் பாவித்த டயராக வாங்கியவை. டவுனில் ஒரு கடையில் 185/70 ஆர் 14 கார் டயர் காட்டி, "இதுவும் 185, இதுவும் 14, உங்கள் ரிம்முக்கு அச்சாக வரும், விலையும் குறைவு" என்கிறார்கள். இன்னொருவர் ஜப்பானில் பாவித்த டயர் நல்லது, குளிருக்கு ஏற்றது என்கிறார். எதை வாங்குவது? இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா? புதியதை முன்னுக்குப் போடுவதா, பின்னுக்கா?

பதில்: தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் டயரை வாங்காதீர்கள். முற்பணம் கொடுத்திருந்தாலும் போய்த் திருப்பிக் கேளுங்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த டயர் உங்கள் ரிம்மில் ஏறும், காற்று நிற்கும், வேன் ஓடும். ஹட்டன் டவுனைச் சுற்றி ஒரு ரவுண்ட் போனால் "நன்றாகத்தானே இருக்கிறது" என்றும் தோன்றும். ஆனால் ரிம்மில் ஏறுவது வேறு, பாரம் தாங்குவது வேறு. 185 என்பது டயரின் அகலம், 14 என்பது ரிம்மின் அளவு. இந்த இரண்டு எண்ணிலும் பாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாரத்தைச் சொல்வது அதற்குப் பின்னால் சின்னதாக அச்சிட்டிருக்கும் எண்.

உங்கள் வேனுக்கு உரிய டயரில் 185 ஆர் 14 சி, 8 பிஆர், 102/100 என்று இருக்கும். அந்த 'சி' பாரம் ஏற்றும் வாகனத்துக்கான டயர் என்பதைக் காட்டும் எழுத்து. ஜப்பான் டயராக இருந்தால் அதற்குப் பதிலாக 'எல்டி' என்று போட்டிருப்பார்கள். 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். அடுத்துள்ள 100, இரட்டைச் சில்லு போட்ட வாகனங்களுக்கான கணக்கு, உங்களுக்குத் தேவையில்லை. கடையில் காட்டிய 185/70 ஆர் 14 கார் டயரைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 88 என்று இருக்கும். 88 என்றால் 560 கிலோ. ஒரு டயருக்கு 290 கிலோ குறைகிறது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேன் வெறுமையாக ஏறத்தாழ 1,500 கிலோ என்று வையுங்கள். உங்களோடு சேர்த்துப் பத்துப் பெரியவர்கள், ஆளுக்கு 60 கிலோ வீதம் 600. பயணப் பைகள், சமையல் சாமான் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 2,200 கிலோ. கார் டயர் நான்கின் பலத்தைக் கூட்டினால் 2,240. அடடே, போதுமே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். பாரம் நான்கு சில்லுக்கும் சமமாகப் பிரிந்து உட்காராது. ஆட்களும் சாமானும் பின்னால் ஏறினால் பின் அச்சில் 1,250 கிலோவரை போகலாம். அப்படியென்றால் பின் டயர் ஒன்றுக்கு 625 கிலோ. சமதரையில் நிற்கும்போதே கார் டயர் அளவு மீறிவிட்டது. நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் ஒவ்வொரு வளைவிலும் பாரம் வெளிப்பக்கச் சில்லுக்குச் சாயும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் அப்படியே முன்னுக்கு வந்துவிடும். நமது ரோட்டில் டயர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை.

இதை நான் புத்தகத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. டயர் வேலைக்கு வந்த ஆரம்ப காலத்தில், நான் வேலை பார்த்த கடையில் ஒரு ஹயர் வேனுக்கு இப்படித்தான் கார் டயர் போட்டுக் கொடுத்தோம். பூட்டியது நான். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கதிர்காமத் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வெல்லவாயா வெயிலில் நன்றாகச் சூடேறிய டயர், எல்ல நோக்கி ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பின் பக்கம் ஒன்று வெடித்தது. வேன் மலைப் பக்கமாகப் போய் மோதி நின்றது, மறுபக்கம் பள்ளம். உள்ளே இருந்தவர்களில் ஒரு குடும்பம் என் பக்கத்து லயத்தைச் சேர்ந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த டயரைக் கடைக்குக் கொண்டுவந்தபோது பார்த்தேன், பக்கச் சுவர் முழுவதும் உள்ளே நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஆணி ஏறியதோ கல் வெட்டியதோ இல்லை. தாங்க முடியாத பாரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து, சூடாகி, உள்ளிருந்தே அழிந்திருந்தது. அன்றிலிருந்து வேனுக்குக் கார் டயர் பூட்டச் சொன்னால் நான் கை வைப்பதில்லை.

உயரத்திலும் வித்தியாசம் உண்டு. 185 ஆர் 14 டயர் மொத்தம் 650 மில்லிமீற்றர் அளவு உயரம். 185/70 என்றால் பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம், மொத்த உயரம் 615தான். வேன் கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றர் தாழும், மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கூட்டிக் காட்டும். தோட்டத்துக் கல் ரோட்டில் அந்த 18 மில்லிமீற்றரும் வேண்டும்தான். ஆனாலும் பாரத்தின் முன் இது சின்ன விஷயம்.

8 பிஆர் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பருத்தி நூலில் டயர் செய்தபோது எத்தனை அடுக்கு என்று எண்ணிய எண் அது. இன்றைய டயருக்குள் எட்டு அடுக்கு இருக்காது, ஆனால் எட்டு அடுக்கின் பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதே அளவில் 6 பிஆர் டயரும் கடையில் கிடைக்கலாம். ஸ்டிக்கரில் 8 என்றால் 8தான். அதற்கு மேல் போகலாம், கீழே இறங்கக் கூடாது.

சரி, ஜப்பானில் பாவித்த டயர் விஷயத்துக்கு வருவோம். 2020இல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, அதன் பிறகு 2022 நெருக்கடி. கிடைத்ததைப் போட்டு ஓட்டிய காலம் அது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. பாவித்த டயரில் பள்ளத்தின் ஆழத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், வயதை யாரும் பார்ப்பதில்லை. டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் அந்த நான்கு இலக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். வேனுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இறப்பர் ஓடினாலும் கிழடாகும், சும்மா கிடந்தாலும் கிழடாகும். பல டயர் நிறுவனங்கள், ஐந்து வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவும், எவ்வளவு பள்ளம் இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிடவும் சொல்கின்றன. பிரித்தானியாவில் 2021 பெப்ரவரி முதல் பத்து வருடம் தாண்டிய டயரை பஸ், லொறியின் முன் சில்லிலும், மினி பஸ்ஸில் ஒற்றைச் சில்லாக உள்ள எந்த இடத்திலும் போடச் சட்டமே தடுக்கிறது. நீங்கள் ஓட்டுவதும் பிள்ளைகள் போகும் வாகனம்தான்.

"குளிருக்கு ஏற்றது" என்று உங்களிடம் சொன்னது என்ன டயர் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் மாரிகாலத்தில் போடும் 'ஸ்டட்லெஸ்' டயர். பக்கச் சுவரில் ஆங்கிலத்தில் அந்தப் பெயரே இருக்கும். மலை உச்சிக்குள் பனிப்பூ வரைந்த அடையாளமும் இருக்கலாம். இறப்பர் கட்டைகளில் கத்தியால் கீறினாற்போல நெருக்கமாக மெல்லிய கோடுகள். பார்த்தால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் போலத் தெரியும். ஆனால் அந்த இறப்பர் பூச்சியத்துக்குப் பக்கத்துக் குளிரில் இறுகாமல் இருப்பதற்காக மெதுமையாகச் செய்தது. நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் உறைபனி விழுந்தாலும், ரோட்டில் பனிக்கட்டி படிந்து வாகனம் ஓடும் ஊர் அல்ல அது. நீங்கள் கித்துல்கல தாண்டி அவிசாவளைச் சூட்டுக்கு இறங்கினால் அந்த டயர் குழைய ஆரம்பிக்கும், வேகமாகத் தேயும், மழை ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்க அதிகத் தூரம் எடுக்கும். நமது மலைக்குக் குளிர் டயர் வேண்டாம், மழை டயர்தான் வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தொடங்கினால் புரட்டாதிவரை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுற்றுவட்டத்தில் நேராக ஓடும் அகலமான மூன்று நான்கு பள்ளங்கள், அவற்றிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வெளியேற்றும் குறுக்குப் பள்ளங்கள், ஓரத்தில் கெட்டியான கட்டைகள், இப்படியொரு சாதாரண வேன் டயர் போதும். ஜீப்புக்குப் போடும் பெரிய கட்டை டயர் தோட்டத்துச் சேற்றில் உதவும், நனைந்த தாரில் வழுக்கும்.

எந்த பிராண்ட் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுதான் என்று தெரியும். களனியில் உற்பத்தியாகும் சியெட்டோ, ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா டயரோ, பாரமும் திகதியும் சரியாக இருந்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். பெயர் பெற்ற டயர் நாலைந்து வருடம் கடையில் கிடந்திருந்தால், அதைவிட ஆறு மாதத்துக்கு முன் செய்த நடுத்தர டயரையே நான் எடுப்பேன். ரீபில்ட் செய்த டயர், அதாவது தேய்ந்த டயரின் மேல் புதிய இறப்பர் ஒட்டியது, லொறியின் பின் இரட்டைச் சில்லுக்கு நல்ல இடத்தில் செய்ததென்றால் சரி. நான்கே சில்லு உள்ள பாடசாலை வேனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இரண்டா நான்கா என்ற கேள்விக்கு, முதலில் பின் டயரின் திகதியைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன் பாவித்ததாக வாங்கியது என்றால், அப்போதே அதற்கு மூன்று நான்கு வயது இருந்திருக்கலாம், ஆறேழும் இருந்திருக்கலாம். பத்தைத் தாண்டியிருந்தாலோ, பக்கச் சுவரில் வெடிப்புக் கோடுகளோ கொப்புளமோ இருந்தாலோ நான்கையும் மாற்றுங்கள். காசு கஷ்டம் எனக்குத் தெரியும், பள்ளி வேன் ஓட்டத்தில் மாதம் என்ன மிஞ்சும் என்பதும் தெரியும். ஹயரைக் கொஞ்ச நாள் நிறுத்தியாவது செய்ய வேண்டிய செலவு இது. பின் டயர்கள் வயது குறைந்தவையாக, வெடிப்பில்லாமல், 102 எண்ணோடு இருந்தால் மட்டும் இப்போது இரண்டு புதியது வாங்கலாம்.

அந்தப் புதிய இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். இப்போது பின்னால் இருப்பவை முன்னுக்கு வரட்டும். பல டிரைவர்மார் இதைக் கேட்டால் கோபப்படுகிறார்கள். "ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் மழையில் முன் சில்லு பிடி விட்டால் வண்டி வளைவில் நேராகப் போகப் பார்க்கும். அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடும். பின் சில்லு பிடி விட்டால் வாகனத்தின் பின்பாகம் வெளியே வீசும். அதைப் பிடித்து நிறுத்துவது பழகிய கைக்கும் கஷ்டம், அதுவும் உயரமான வேனில், ஒரு பக்கம் பள்ளம் உள்ள ரோட்டில். மிஷெலின் போன்ற பெரிய நிறுவனங்களும் நீண்ட காலமாக இதையேதான் சொல்கின்றன. ஒரே அச்சில் மட்டும் வேறு வேறு வகை டயரைக் கலக்காதீர்கள்.

புதிய டயர் போடுவதற்கு முன், முன் டயர்கள் ஏன் ஓரத்தில் தேய்ந்தன என்று பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் ஒன்றாகத் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சில்லு நிற்கும் கோணம், பிழை, அல்லது முன் சில்லைப் பிடிக்கும் மூட்டுகளான டைரொட் எண்ட், போல் ஜொயின்ட் தேய்ந்திருக்கிறது. 1996 வேனில் அதைப் பார்க்காமல் புதிய டயர் போட்டால் ஆறு மாதத்தில் இதே கடிதத்தை எனக்குத் திரும்ப எழுதுவீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் நமது வளைவுகளில் முன் டயரின் ஓரம் கொஞ்சம் சீக்கிரம் தேயத்தான் செய்யும். 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டால் அது பங்கிட்டுத் தேயும்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம். கடைப் பையன்கள் கார் பழக்கத்தில் வேனுக்கும் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து விடுகிறார்கள். 102 டயரின் 850 கிலோ என்பது 65 பிஎஸ்ஐ காற்றில் உள்ள பலம். 32இல் அந்தப் பலம் கிடையாது. அதற்காக 65 அடிக்கச் சொல்லவில்லை, உங்கள் வேனின் ஸ்டிக்கர் சொல்லும் அளவுதான் சரி. அந்தக் காலத்து ஜப்பான் ஸ்டிக்கரில் பிஎஸ்ஐ இருக்காது. 3.0 என்பது போல் இருந்தால் 14.2ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 43 பிஎஸ்ஐ. 300 என்று இருந்தால் அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, பாரம் ஏற்றினால் ஒன்று என்று தனித்தனியாக எழுதியிருக்கும். பொறுமையாகப் பாருங்கள்.

மலையேறினால் காற்று மாறுமா என்று பலர் கேட்பார்கள். மாறும், ஆனால் அழகாக ஈடாகிவிடும். கொழும்பில் 30 பாகை வெயிலில் அளந்த டயர் நுவரெலியாவின் 14 பாகைக் குளிரில் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறையும். அதே நேரம் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால் மானி ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஒன்று குறைக்க மற்றது கூட்ட, பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே மேலே ஏறினோம், கீழே இறங்கினோம் என்று காற்றை மாற்ற வேண்டாம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, சொந்த மானி ஒன்றால் வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஓடிவந்து சூடாக இருக்கும் டயரில் கூடுதலாகக் காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி வந்தால் டிரம்மின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதை மாதிரி இடத்தில் ஏறும் கியரிலேயே இறங்குங்கள்.

பூட்டும்போது ரிம்மின் விளிம்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். காற்றுக் கசிகிறது என்று டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுத் தர வருவார்கள், வேண்டாம். உள்ளே உரசிச் சூடாகும், ஆணி ஏறினால் காற்று ஒரேயடியாக இறங்கிவிடும். வால்வைப் புதிதாக மாற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

பழைய கார் வைத்திருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 155/80 ஆர் 13 கிடைக்காமல் அலைபவர்கள் 175/70 ஆர் 13 போடலாம். இரண்டின் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான், பாரமும் 79க்குப் பதில் 82, அதாவது 437 கிலோவுக்குப் பதில் 475. ஆனால் உங்கள் ரிம்மின் அகலம் 4 அங்குலம் என்றால் அது பொருந்தாது, குறைந்தது நாலரை வேண்டும். அகலம் ரிம்மிலேயே பொறித்திருக்கும்.

அப்புறம் தம்பி, ஸ்பெயார் வீல். வேனுக்கு அடியில் சேறு படிந்து தொங்கும் அந்த டயரைக் கடைசியாக எப்போது இறக்கிப் பார்த்தீர்கள்? பின் டயரின் திகதியைப் பார்க்கக் குனியும்போது அதையும் பாருங்கள். அதிலும் 102 இருக்க வேண்டும், அதற்கும் அதே வயதுக் கணக்குத்தான். பழைய நான்கில் நல்லதாக ஒன்று மிஞ்சினால் அங்கே போடலாம். எதுவும் தேறாவிட்டால் கணக்கில் ஐந்தாவது டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதியவை பூட்டியதும் முதல் 200 கிலோமீற்றர் வளைவில் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இறப்பரின் மேலே இருக்கும், ஓடித்தான் போகும்.